கியர்பெட்டி இல்லாத காரில் எட்டு கியர்: ஹோண்டாவின் புதிய பிரெலூட்

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

2001-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்ட ஹோண்டா பிரெலூட், ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 2025 செப்டம்பரில் ஜப்பானில் ஆறாவது தலைமுறையாக மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. தாழ்ந்த முகப்பும், பின்புறம் நோக்கிச் சரிந்து இறங்கும் கூரையும் கொண்ட இரண்டு கதவுக் கூபே அது. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்ந்து சுமார் 200 குதிரைத்திறன் தருகின்றன. படங்களைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் காரின் மேல் எனக்குத் தீராத ஆசை. அது நம் ஊர் ஷோரூமுக்கு வருமா, வந்தால் என்ன விலைக்கு வரும் என்பதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. என் ஐயம் அதன் இயக்கத்தைப் பற்றியது.

அந்தக் காரில் வழக்கமான கியர்பெட்டி கிடையாது. ஆனால் எஸ் பிளஸ் ஷிஃப்ட் என்ற பொத்தானை அழுத்திவிட்டால், எட்டு கியர் உள்ள வண்டியைப் போலவே அது நடந்துகொள்கிறதாம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடில்களைத் தட்டினால் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குகிறது, வண்டி லேசாக உதறிக் கியர் மாறியதை உணர்த்துகிறது, கியர் குறைக்கும்போது இன்ஜின் ஒருமுறை உறுமவும் செய்கிறது.

எங்கள் வீட்டில் இருப்பது ஹோண்டாவின் சிட்டி ஹைபிரிட். அதிலும் இதே இரண்டு மோட்டார் அமைப்புதான், அளவில் சிறியது. அடிவாரம் தாண்டி ஏற்காட்டுச் சாலையில் ஏறத் தொடங்கியதும் அதன் இன்ஜின் ஓசைக்கும் வண்டியின் வேகத்துக்கும் தொடர்பு அற்றுப்போகிறது. மிதியை அழுத்தினால் ஓசை உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. வேகம் அதற்குப் பிறகு மெல்லக் கூடுகிறது. மலையில் பழைய காரை ஓட்டும்போது காதே பாதி வேகமானியாக இருந்தது. இப்போது வளைவுக்கு வளைவு மீட்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனவே என் கேள்வி இது. விசித்திரமானவை என்றாலும் மெய்யான இயந்திரங்களையே செய்து பெயர் வாங்கிய ஹோண்டாவுக்கு, இல்லாத கியரை இருப்பதுபோல் காட்டும் இந்த ஏற்பாடு தகுமா? அல்லது இதிலும் ஒரு பொறியியல் நியாயம் இருக்கிறதா? அந்த நிறுவனத்தின் பழைய கதைகளை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.


பதில்: சூரமங்கலம் பழைய கார் பிரியர்

பிரெலூட்டைக் குதிரைத்திறனை வைத்து மட்டும் எடைபோடுகிறவர்கள் அதன் இயல்பையே தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதிவேகக் கார் என்ற பட்டத்துக்காக அது எந்தத் தலைமுறையிலும் போட்டியிட்டதில்லை. புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஹோண்டாவின் பொறியாளர்களுக்குத் தோன்றியபோதெல்லாம், அதை முதலில் ஏற்றுக்கொண்ட கார் பெரும்பாலும் பிரெலூட்தான்.

1978-இல் வந்த முதல் பிரெலூட்டில் வேகமானியும் ஆர்.பி.எம். மீட்டரும் தனித்தனி வட்டங்களாக இல்லாமல், ஒரே வட்டத்துக்குள் ஒரே அச்சைச் சுற்றி அமைந்திருந்தன. மின்சாரத்தால் திறக்கும் கூரை ஜன்னலும் அதில் இருந்தது. 1982-இல் வந்த இரண்டாம் தலைமுறையில், முகப்பை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்த வேண்டும் என்பதற்காகவே முன்சக்கரங்களுக்கு, மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனைப் பொருத்தினார்கள். முகப்பு விளக்குகள் தேவைப்படும்போது மட்டும் மேலெழுந்தன. ஜப்பானியக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் முதன்முதலில் வந்ததும் அந்தத் தலைமுறையில்தான்.

ஆனால் மலைச்சாலைக்காரர்களான நாம் நின்று பார்க்க வேண்டியது 1987-இல் வந்த மூன்றாம் தலைமுறையை. ஸ்டீயரிங்கின் கோணத்தை மட்டுமே கொண்டு நான்கு சக்கரங்களையும் திருப்பிய கார் அது. அதற்குக் கணினியோ வேகத்தை அளக்கும் சென்சாரோ தேவைப்படவில்லை. முன்னால் இருந்த ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வண்டியின் அடியில் ஒரு நீண்ட தண்டு பின்னோக்கிச் சென்றது. பின்னால் இருந்த சிறு பெட்டிக்குள், ஒரு பல்சக்கரம் மற்றொன்றின் உட்புறமாகச் சுற்றிவரும் அமைப்பு அந்தச் சுழற்சியை வாங்கிக்கொண்டது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால், பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் திரும்பும் பக்கமே அதிகபட்சம் 1.5 பாகை அளவுக்குத் திரும்பும். மேலும் திருப்பினால் அவை நேராகும். அதற்கும் மேல் முழுவதுமாக ஒடித்தால் எதிர்ப்பக்கமாக 5.3 பாகை வரை திரும்பும். வேகமாகப் போகும்போது எவரும் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிப்பதில்லை, முழுவதும் ஒடிக்கிறவர் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருப்பார் என்ற எளிய உண்மையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நிலைமைகளுக்கும் வேண்டியதை வெறும் பல்சக்கரங்களால் செய்து முடித்துவிட்டார்கள்.

ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில் அந்தக் காரை மனத்தில் வைத்துப் பாருங்கள். மேலேயிருந்து ஒரு பேருந்து வளைவை அடைத்துக்கொண்டு இறங்கி வருகிறது. நமக்குக் கிடைப்பது உள்பக்கத்து ஓரம் மட்டுமே. அங்கே பின்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் ஐந்து பாகை திரும்பினால் வண்டி எவ்வளவு குறுகிய இடத்தில் திரும்பிவிடும் என்பதை, அந்த வளைவுகளில் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1991-இல் வந்த நான்காம் தலைமுறையில் அந்தத் தண்டை எடுத்துவிட்டு மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறினார்கள். 1996-இல் வந்த ஐந்தாம் தலைமுறையின் உயர்வகையில், வளைவில் வெளிப்பக்க முன்சக்கரத்தை உட்பக்கச் சக்கரத்தைவிட வேகமாகச் சுழற்றி, வண்டியின் மூக்கை வளைவுக்குள் இழுக்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அது கனமாகவும் இருந்தது, விலையையும் கூட்டியது, அதைக் கேட்டு வாங்கியவர்களும் குறைவு. அப்படியும் செய்தார்கள்.

இப்போது நிறுவனத்தின் கதைக்கு வருகிறேன். 1946-இல், போரில் தோற்ற ஜப்பானில் பெட்ரோலும் இல்லை, மக்கள் போய்வர வண்டியும் இல்லை. ராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டிருந்த சிறு ஜெனரேட்டர் இன்ஜின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சோய்ச்சிரோ ஹோண்டா அவற்றை வாங்கி மிதிவண்டிகளில் பொருத்தினார். 1948-இல் அதிலிருந்து பிறந்ததுதான் ஹோண்டா மோட்டார் நிறுவனம்.

1960-களின் தொடக்கத்தில், கார் தயாரிக்கும் நிறுவனங்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க ஜப்பான் அரசு ஒரு சட்டம் கொண்டுவர முனைந்தது. அது நிறைவேறினால், அதுவரை இருசக்கர வண்டி மட்டுமே செய்துவந்த ஹோண்டாவுக்குக் கார் தொழிலின் கதவு அடைபட்டுவிடும் என்ற நிலை. ஆகவே 1963 ஆகஸ்டில் அவசர அவசரமாக டி360 என்ற குட்டிச் சரக்கு வண்டியை வெளியிட்டார்கள். காய்கறி மூட்டை ஏற்றும் அந்த வண்டியின் 354 சி.சி. இன்ஜினில் நான்கு கார்ப்பரேட்டர்களும், தலைப்பகுதியில் வால்வுகளைத் திறக்கும் இரட்டைக் கேம் தண்டுகளும் இருந்தன; நிமிடத்துக்கு 8,500 சுற்றில் 30 குதிரைத்திறன். பந்தய மோட்டார் சைக்கிள் செய்த கை வேறு எப்படிச் செய்யும்? இரண்டு மாதம் கழித்து வந்த எஸ்500 ஸ்போர்ட்ஸ் காரில் பின்சக்கரங்களைச் சுழற்றியவை சங்கிலிகள். எண்ணெய் நிரம்பிய உறைக்குள் ஓடிய அந்தச் சங்கிலிகளின் உறையே சஸ்பென்ஷனின் கையாகவும் வேலை செய்தது. அந்தச் சட்டம் கடைசி வரை நிறைவேறவே இல்லை என்பது தனிக்கதை.

இவற்றில் எதுவும் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது: எரிபொருள் பஞ்சம், சட்டம், தாழ்ந்த முகப்பு, குறுகிய வளைவு. இன்றைய முட்டுக்கட்டை, சிக்கனமான இரண்டு மோட்டார் ஹைபிரிட்டில் ஓட்டுநருக்கும் இன்ஜினுக்கும் நடுவே அறுந்துபோன தொடர்பு. நீங்கள் ஏற்காட்டுச் சாலையில் உணர்வதும் அதைத்தான். எஸ் பிளஸ் ஷிஃப்ட் அந்த முட்டுக்கட்டைக்குச் சொல்லப்பட்ட பதில் என்றே நான் பார்க்கிறேன். பிரெலூட்டில் அது முதலில் வந்ததில் எனக்கு வியப்பில்லை.


பதில்: நாகலூர் தோட்டக்காரி

சூரமங்கலம் அண்ணா எழுதிய வரலாறு முழுவதும் எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விசித்திரமாக இருப்பதாலேயே ஒன்று ஹோண்டாவின் மரபுக்கு உரியதாகிவிடாது. அந்த மரபிலேயே, பிடிவாதத்தால் நேர்ந்த பெரும் இழப்புகளும் உண்டு.

சோய்ச்சிரோ ஹோண்டாவுக்குக் காற்றால் குளிரும் இன்ஜின்கள் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. தண்ணீரால் குளிர்வித்தாலும் அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது, அப்படியானால் நேரே காற்றாலேயே குளிர்விக்கலாமே என்பது அவர் வாதம். 1968-இல் அந்த நம்பிக்கையில் செய்த ஆர்ஏ302 என்ற ஃபார்முலா ஒன் கார், பிரான்ஸின் ரூவான் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. ஜோ ஷ்லெஸ்ஸர் என்ற ஓட்டுநர் அதில் உயிரிழந்தார். அதற்கு அடுத்த ஆண்டே ஹோண்டா 1300 என்ற காற்றுக் குளிர்விப்புக் கார் விற்பனைக்கு வந்தது. அதன் கூபே வடிவம் இன்றைக்கும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இன்ஜினைச் சுற்றி இரட்டைச் சுவர்களும் காற்றாடியும் எண்ணெய்த் தொட்டியும் சேர்ந்து, எளிமைக்காகத் தேர்ந்தெடுத்த வழி கடைசியில் கனமும் செலவும் மிகுந்ததாக முடிந்தது.

இளம் பொறியாளர்கள் தண்ணீருக்கு மாறியே தீர வேண்டும் என்று எதிர்த்து நின்றார்கள். அவர்களுள் ஒருவரான தடாஷி குமே பிற்காலத்தில் அந்த நிறுவனத்தின் தலைவரானார். ஹோண்டாவின் வணிகப் பக்கத்தைத் தூணாகத் தாங்கிய டகேயோ ஃபுஜிசாவா, நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருக்க விரும்புகிறீர்களா, பொறியாளராக இருக்க விரும்புகிறீர்களா என்று கேட்ட பிறகே சோய்ச்சிரோ இறங்கி வந்தார். அந்த விட்டுக்கொடுப்பு இல்லையென்றால், அமெரிக்காவின் கடுமையான புகைக் கட்டுப்பாட்டை புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி இல்லாமலேயே நிறைவேற்றிய சிவிசிசி இன்ஜின் வந்திருக்காது. 1970-களில் ஹோண்டாவின் சிவிக் கார் அடைந்த வெற்றியும் வந்திருக்காது. 1973-இல் இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றார்கள். எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் மதிப்பு உண்டானது, தங்கள் தலைவரின் விசித்திரத்தை எதிர்க்கத் துணிந்த அந்த இளைஞர்களால்தான்.

அடுத்தது, ஹைபிரிட் என்றால் கியர் இருக்கவே முடியாது என்று ஹோண்டாவே ஒரு காலத்தில் நினைக்கவில்லை. 1999-இல் வந்த அதன் ஹைபிரிட் காரான முதல் இன்சைட்டில் ஐந்து கியர் கைமாற்றுப் பெட்டி இருந்தது. 2010-இல் வந்த சிஆர்-இசட் ஒரு ஹைபிரிட் கூபே. கிளட்ச்சை மிதித்து ஆறு கியர்களையும் கையால் மாற்றலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மெய்யாகவே கொடுத்ததை இன்று பாவனையாகக் கொடுப்பதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

விலையையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் புதிய பிரெலூட் 2025-இல் அறிமுகமானபோது ஏறக்குறைய 62 லட்சம் யென். 330 குதிரைத்திறனும் மெய்யான ஆறு கியரும் கொண்ட சிவிக் டைப் ஆர், 2022-இல் அறிமுகமானபோது ஏறக்குறைய 50 லட்சம் யென்தான். பிரெலூட்டுக்கு முன்சக்கர சஸ்பென்ஷனையும் பிரெம்போ பிரேக்குகளையும் கொடுத்ததே அந்த டைப் ஆர்தான். அப்படியிருக்க, அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறவருக்குக் கியரின் நிழல் மட்டும் போதுமா?


பதில்: செவ்வாய்ப்பேட்டை ஒர்க்‌ஷாப்

இருவரும் வரலாற்றை நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். கேட்டவரின் ஐயம் இயக்கத்தைப் பற்றியது என்பதால் அந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன். பாவனை என்ற சொல் பாதிதான் பொருந்தும். எந்தப் பாதி என்பதைச் சொல்கிறேன்.

இந்த அமைப்பில் இரண்டு மோட்டார்கள் உண்டு. ஒன்று சக்கரத்தைச் சுழற்றுவது. மற்றொன்று இன்ஜினோடு பிணைந்த ஜெனரேட்டர். நகரத்தில் மெதுவாகப் போகும்போது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தில் சக்கர மோட்டார் தனியே ஓட்டுகிறது. மேட்டில் ஏறும்போதும், வேகம் எடுக்கும்போதும் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுழற்றி, அந்த மின்சாரம் சக்கர மோட்டாருக்குப் போகிறது. அப்போது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு எதுவும் கிடையாது. பெங்களூரு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகிறீர்கள் என்றால் மட்டும், ஒரு கிளட்ச் பிடித்து இன்ஜினை நேரே சக்கரத்தோடு இணைக்கிறது. மலையில் உங்கள் இன்ஜின் செய்யும் வேலை ஜெனரேட்டர் ஓட்டுவது மட்டுமே. சோய்ச்சிரோ ஹோண்டா ஜெனரேட்டர் இன்ஜினை எடுத்துச் சக்கரத்தோடு இணைத்துத் தொழிலைத் தொடங்கினார். அவர் நிறுவனம் இன்று கார் இன்ஜினைச் சக்கரத்திலிருந்து விடுவித்து மறுபடியும் ஜெனரேட்டராக்கிவிட்டது.

ஆகவே, தேவையான மின்சாரத்துக்கு எந்தச் சுற்று சிக்கனமோ அந்தச் சுற்றில் இன்ஜின் ஓடுகிறது. ஓசை உச்சியில் நிற்பதற்கும் வேகம் பின்னால் வருவதற்கும் காரணம் அதுதான். உங்கள் வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

எஸ் பிளஸ் ஷிஃப்ட்டைப் போட்டதும், இன்ஜினோடு பிணைந்த அந்த ஜெனரேட்டர் மோட்டாரைக் கொண்டு இன்ஜினின் சுற்றை வண்டியின் வேகத்தோடு கட்டிப்போடுகிறார்கள். எட்டு கியர் பெட்டி இருந்திருந்தால் அந்த வேகத்தில், அந்தக் கியரில் இன்ஜின் எத்தனை சுற்று ஓடியிருக்குமோ அத்தனை சுற்று மெய்யாகவே ஓடுகிறது. பேடிலைத் தட்டிக் கியர் கூட்டினால் சுற்று உண்மையிலேயே விழுகிறது. அந்த நொடியில் சக்கர மோட்டாரின் இழுவையைச் சற்று தளர்த்தி உதறலை உண்டாக்குகிறார்கள். கியர் குறைத்தால் சுற்று உண்மையிலேயே ஏறுகிறது. ஸ்பீக்கர் வழியே அந்த ஓசைக்கு மெருகு ஏற்றுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அடிப்படையான ஓசை ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுடையது. பல்சக்கரம் மட்டும்தான் இல்லை.

இதில் ஓட்டுவதற்கு உதவும் பலன் ஒன்றும் இருக்கிறது. வளைவுக்கு முன் கியர் குறைத்து நுழைந்தால், வளைவு முழுக்க இன்ஜின் சுற்று மேலேயே நிற்கும். வெளியே வரும்போது மிதியை அழுத்திய உடனே ஜெனரேட்டரிடமிருந்து மின்சாரம் தயாராகக் கிடைக்கும். உங்கள் சிட்டியில் வளைவுக்குள் இன்ஜின் அடங்கிப்போய், வெளியே வரும்போது மறுபடி முடுக்கிக்கொள்ள ஒரு கணம் எடுக்கிறதே, அந்தத் தாமதம் இதில் குறையும்.

நாகலூர் அம்மா குறிப்பிட்ட சிஆர்-இசட்டையும் முதல் இன்சைட்டையும் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் மெல்லிய மோட்டார் ஒன்று இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை இழுத்தது இன்ஜின், தோள் கொடுத்தது மோட்டார். இன்ஜின் சக்கரத்தோடு கட்டுண்டிருந்ததால்தான் கியர் தேவைப்பட்டது. பிரெலூட்டில் நிலைமை தலைகீழ். சக்கர மோட்டார் 315 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நின்ற இடத்திலிருந்தே தருகிறது. அதற்குக் கியர் வைத்தால் கனமும் உராய்வும் கூடுமே தவிர இயந்திரத்துக்கு நன்மை ஒன்றுமில்லை.

சஸ்பென்ஷனைப் பற்றி எவரும் விரிவாக எழுதவில்லையே என்பது என் ஆதங்கம், ஏனென்றால் இந்தக் காரில் நான் கைவைத்துப் பார்க்க விரும்புவது அதைத்தான். முன்சக்கரத்தில் அத்தனை முறுக்குவிசை பாய்ந்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். சாதாரண ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில், சக்கரம் திரும்பும் அச்சும் ஷாக் அப்சார்பரின் அச்சும் ஒன்றாகவே போவதால், திரும்பும் அச்சு சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி விழுகிறது. இழுப்புக்குக் காரணம் அந்த இடைவெளிதான். டைப் ஆரிலிருந்து வந்த இந்த இரட்டை அச்சு அமைப்பில், ஷாக் அப்சார்பர் திரும்பாமல் நிற்க, அதற்கு வெளியே தனி மூட்டுகளில் சக்கரம் மட்டும் திரும்புகிறது. இடைவெளி குறைகிறது, இழுப்பும் குறைகிறது. போதாததற்குச் சிவிக்கைவிட, முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளமான வீல்பேஸை 13 சென்டிமீட்டர் குறைத்து 2,605 மில்லிமீட்டர் ஆக்கியிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவில் அந்த 13 சென்டிமீட்டர் நன்றாகவே தெரியும்.


மறுகேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

மூவருக்கும் நன்றி. ஒர்க்‌ஷாப் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, முதல் சில வளைவுகள் வரை சிட்டி அமைதியாக இறங்குகிறது. பிறகு மிதியில் காலே வைக்காதபோதும் இன்ஜின் திடீரென்று இரைகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுத்த பாடம், கியரே இல்லாத வண்டிக்கு எப்படிப் பொருந்தும்? பிரெலூட்டிலும் இதே கதைதானா?


பதில்: செவ்வாய்ப்பேட்டை ஒர்க்‌ஷாப்

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால், சுமார் 4 யூனிட். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு யூனிட் போனாலும் மூன்று மிஞ்சும். உங்கள் சிட்டியின் பேட்டரி முழுவதும் நிறைந்தாலும் ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே கொள்ளும். அதுவும் நீங்கள் இறங்கத் தொடங்கும்போது பாதி நிறைந்தே இருக்கும். ஆகவே சில வளைவுகளுக்குள் நிறைந்துவிடுகிறது.

அதற்குப் பிறகும் சக்கர மோட்டார் பிரேக்காக இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால், அதில் உண்டாகும் மின்சாரம் எங்காவது செலவாக வேண்டும். அதை ஜெனரேட்டர் மோட்டாருக்கு அனுப்பி, பெட்ரோல் இல்லாமலேயே இன்ஜினைச் சுற்ற வைக்கிறது கணினி. இன்ஜின் காற்றை அமுக்கி அமுக்கி அந்த ஆற்றலைத் தின்கிறது. நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான். கவலைப்பட எதுவுமில்லை, பழைய ஓட்டுநர்கள் இரண்டாம் கியரில் இறங்கிப் பெற்ற இன்ஜின் பிரேக் மின்சாரத்தின் வழியாக வந்து சேர்கிறது, அவ்வளவே. இறங்கும்போது கியர் லீவரை, இழுத்துப் பிடிப்பதைக் கூட்டும் ‘B’ நிலையில் வையுங்கள். வளைவுக்கு முன் இடப்பக்க பேடிலைத் தட்டி இழுவையைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிரேக் மிதியையே நம்பி இறங்கினால், எந்த வண்டியானாலும் அடிவாரத்துக்கு வருவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

பிரெலூட்டின் பேட்டரியும் ஏறக்குறைய ஒரு யூனிட் அளவுதான். எனவே நம் மலையில் அதுவும் சீக்கிரம் நிறைந்துவிடும், அதன் இன்ஜினும் இரையும். எஸ் பிளஸ் ஷிஃப்ட் போட்டிருந்தால், அந்த இரைச்சல் நீங்கள் தேர்ந்தெடுத்த கியரை ஒட்டியே வரும் என்பதுதான் வித்தியாசம்.


பதில்: நாகலூர் தோட்டக்காரி

ஐயாவின் விளக்கம் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. இன்ஜினின் சுற்று மெய்யாகவே மாறுகிறது என்றால், வெறும் பாவனை என்ற என் குற்றச்சாட்டுக்கு அந்த அளவில் இடமில்லை. ஆனால் விலையைப் பற்றியும், இந்தக் காரில் கைமாற்றுக் கியர் வேண்டும் என்பவருக்கு ஹோண்டா எந்த வழியும் விடவில்லை என்பதைப் பற்றியும் என் கருத்து மாறவில்லை. மலைமேல் குடியிருப்பவளுக்குக் கிளட்ச்சும் கியரும் பழக்கம் மட்டுமில்லை. மழையில் நனைந்த சாலையில் வண்டியின் மேல் இருக்கும் பிடி அது.

இந்தக் காரை எவரேனும் ஓட்டிப் பார்க்க நேர்ந்தால், எனக்காக இரண்டு விஷயங்களைக் கவனித்து எழுதுங்கள். முதலாவது, ஏற்றத்தில் வளைவின் நடுவில் இரண்டாம் கியரைத் தேர்ந்தெடுத்து மிதியை முழுவதும் அழுத்தினால், சுற்று எல்லையைத் தொட்டதும் அது அங்கேயே நிற்கிறதா, நம்மைக் கேட்காமல் தானே அடுத்த கியருக்குத் தாவுகிறதா? இரண்டாவது, பேட்டரி நிறைந்த பிறகு இறக்கத்தில் கியர் குறைத்தால், வண்டி முன்பைப் போலவே இழுத்துப் பிடிக்கிறதா, அல்லது ஓசை மட்டும் கூடி வேகம் குறையாமல் போகிறதா?


பதில்: சூரமங்கலம் பழைய கார் பிரியர்

அந்த இரண்டாவது சோதனையை வழிமொழிகிறேன். அதைச் செய்து பார்க்கக் மலைக்குச் செல்லும் மற்றொரு வழியான குப்பனூர்ப் பாதையைவிட, கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும் அடிவாரச் சாலையே பொருத்தமானது. பேட்டரி நிறையும் முன் ஒரு வளைவிலும், நிறைந்த பிறகு ஏறக்குறைய அதே சரிவுள்ள வேறொரு வளைவிலும், ஒரே கியரில் பிரேக்கைத் தொடாமல் வேகம் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். பின்னால் வண்டி எதுவும் வராத விடிகாலை நேரமாக இருக்கட்டும். அஸ்தம்பட்டி நண்பர் தம் சிட்டியிலேயே, பேடில்களைக் கொண்டு, இதை இப்போதே செய்து பார்த்து எழுதலாம். பிரெலூட்டின் அமைப்பும் அதுவே என்பதால் அந்த விடை பெருமளவுக்கு இதற்கும் பொருந்தும்.